விரும்பிக் கேட்டவர்

"உங்கள் ஊரில் குடிக்கிறவர்கள் ஏன் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற மாதிரி நிற்கிறார்கள்?" என்று ட்ரெசோர் கேட்டபோது நான் மொட்டை மாடியில் அப்பாவின் செக்யூரிட்டி சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். நீலசந்திராவுக்கு அவன் குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. கல்லூரித் தோழர்களோடு சனிக்கிழமையைக் கொண்டாடப் புறப்பட்டவன், மெயின் ரோட்டில் இருக்கும் ஸ்டாண்டிங் பாருக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போன வேகத்திலேயே திரும்பி வந்திருந்தான். உள்ளே பாட்டு இல்லை, பெண்கள் இல்லை, உட்கார நாற்காலிகூட இல்லை. சுவரைப் பார்த்து நின்று, ஒரே மடக்கில் குடித்து, ஊறுகாயைத் தொட்டு நக்கிவிட்டு, பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் போகிறார்கள் என்று ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டே போனான். அவன் ஊரான கின்ஷாசாவில் ரோட்டிலேயே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கிட்டார் ஒலிக்க, மாமியாரும் மருமகனும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பீர் குடிப்பார்களாம். "இங்கே எல்லாரும் வீட்டுக்குத் தெரியாமல் வந்தவர்கள். சுவர்தான் யாரிடமும் போய்ச் சொல்லாது" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் வடாம் எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

அவன் காங்கோ நாட்டுப் பையன். ஓசூர் ரோடு பக்கம் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. படிக்க வந்தவன். எங்களுக்கும் அவனுக்கும் ஒரே வீட்டு ஓனர், சின்னத்தாயிக்கா. மாடியில் ஷீட் போட்ட அறை அவனுக்கு, கீழே பின்பக்கப் போர்ஷன் எங்களுக்கு. அக்காவுக்கு ஜான்சன் மார்க்கெட்டில் பூக்கடை. தெருத் தெருவாக அலைந்தும் யாரும் வீடு கொடுக்கவில்லை என்று புரோக்கர் அவனைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அக்கா அவனை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாள். "கலரைப் பாத்து வீடு இல்லன்றாங்களா? நாம மட்டும் இன்னா தக்காளி கலரா? சாவியைக் குடுப்பா" என்றாள். அன்றிலிருந்து அவனும் எங்கள் அப்பாவைப் போல அவளை ஓனரம்மா என்று கூப்பிடப் பழகினான். அக்கா அவனை ட்ரெசரு என்பாள்.

நான் அப்போது பகலில் கமர்ஷியல் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுவேன். விசேஷ நாட்களில் சாயங்காலமானால் நாணு அண்ணனின் ஸ்வர்ணா மெலடீஸ் ஆர்கெஸ்ட்ராவில் பாடுவேன். அம்மன் திருவிழா, கணபதி ஊர்வலம், மாதா கோயில் கொடியேற்றம், நவம்பரில் கன்னட ராஜ்யோத்சவம் என்று எங்கே மேடை போட்டாலும் எங்கள் வண்டி போகும். எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா கொஞ்ச நாள் ரயிலில் இங்கே வேலைக்குப் போய் வந்து பார்த்துவிட்டு, ஒருநாள் பாத்திரம் பண்டத்தோடு எங்களையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் வளர்ந்தது இந்த ஊரில்தான், இருந்தும் ஒரு பப்புக்குள் கால் வைத்ததில்லை. அதையும் ட்ரெசோர்தான் காட்டினான். ஆண்கள் தனியாக வந்தால் உள்ளே விடுவதில்லை என்று கோரமங்களாவில் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம்; நீங்கள் ஒருவர் வந்தால் போதும் அக்கா என்று அவனும் அவன் தோழர்களும் கெஞ்சினார்கள். அப்பாவிடம் ரிகர்சல் என்று சொல்லிவிட்டுப் போனேன். என் தயவில் உள்ளே நுழைந்த நெட்டை நெட்டையான பையன்களுக்கு நடுவில் நான் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு எடுத்த சுடிதாரும் கையில் லெமன் சோடாவுமாக உட்கார்ந்திருந்தேன். பாட்டு நெஞ்சுக்குள் இடித்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஆடத் தொடங்கி உடம்பில் சூடு ஏறுவதற்குள் விளக்கைப் போட்டு எல்லாரையும் வெளியே தள்ளிவிட்டார்கள். ஆட்டோவுக்கு நின்ற கூட்டத்தில் ட்ரெசோர் என்னிடம், "இங்கே பாட்டு இருக்கிறது, பாட்டுக்காரன் எங்கே?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் அவனை எங்கள் மேடைக்குக் கூட்டிப் போனேன். எங்கள் கிட்டார்க்காரர் துபாய் போய்விட்டதால் நாணு அண்ணன் கீபோர்டிலேயே கிட்டார் ஓசையை ஒப்பேற்றிக்கொண்டிருந்த காலம் அது. ட்ரெசோர் மேடை ஓரத்தில் சாய்த்து வைத்திருந்த, துபாய்க்காரர் விட்டுப்போன கிட்டாரை எடுத்து மெதுவாக மீட்டினான். நாணு அண்ணன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதன் பிறகு அவன் எங்கள் ஆள். முதல் பாட்டு கணபதிக்கு, இரண்டாவது கட்டாயம் கன்னடம், அதற்குப் பிறகுதான் தமிழ் என்ற எங்கள் மேடை நியாயத்தைக் கேட்டு, "இதுதான் சரி, வீட்டுக்காரருக்கு முதலில் வணக்கம்" என்றான். அவனிடம் ஒரே தொல்லை, பாட்டை முடிக்க விடமாட்டான். நமக்குப் பல்லவி, சரணம், மறுபடி பல்லவி வந்தால் கும்பிடு போட்டுவிடுவோம். அவர்கள் ஊரிலோ பாடகி பாடி முடித்த பிறகுதான் பாட்டே ஆரம்பமாம். கிட்டார் தனியாகக் கிளம்பி ஓடும், ஜனங்கள் எழுந்து ஆடுவார்கள். "ஏய், சாகு மாரயா, நெக்ஸ்ட் சாங்!" என்று நாணு அண்ணன் கன்னடத்தில் போதும் போதுமென்று கத்துவார். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் நிற்பேன்.

இப்போது எனக்குக் கல்யாணமாகி இதே ஊரில் அடுகோடியில் இருக்கிறேன். பாடுவதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பூசையோடு சரி. ட்ரெசோர் படிப்பை முடித்து ஊருக்குப் போய் ஒரு பேங்கில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். கிறிஸ்துமஸுக்கு வாய்ஸ் மெசேஜ் வரும், பின்னணியில் எப்போதும் யாராவது சத்தமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். மழைக்காலச் சாயங்காலங்களில் எங்காவது தெருவில் மைக் டெஸ்ட் கேட்டால் அந்த மூன்று வருடங்களும் திரும்பக் கிடைக்காதா என்று இருக்கிறது. அதிலும் அவனுடைய கடைசி வருடத்து ஆடி மாதம்.

பத்தாவது கிராஸ் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் எங்கள் ஆர்கெஸ்ட்ரா. சின்னத்தாயிக்கா காப்புக் கட்டிய நாளிலிருந்து வீட்டுக்கே வராமல் கோயில் வாசலில்தான் படுத்துக்கொண்டாள். காலையில் தண்ணீர் பிடிக்கப் போனபோது ட்ரெசோர் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். ஃபோன் மடியில் கிடந்தது. "அம்மா போய்விட்டாள்" என்றான். மணி என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரியே சொன்னான். விடியலில் அண்ணன் கூப்பிட்டானாம். விசா நீட்டிப்புக்குக் கொடுத்த பாஸ்போர்ட் இன்னும் திரும்பி வரவில்லை. நினைத்தாலும் போக முடியாது. நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் பேசினான்.

"எங்கள் ஊரில் இன்று ராத்திரி தெருவை அடைத்துப் பந்தல் போடுவார்கள். விடிய விடியப் பாட்டு நடக்கும். பாட்டுக்கு ஏற்பாடு செய்வது மகன். பாடுகிறவர் அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பாடுவார். பெயர் சொல்லாமல் அனுப்பினால் பிள்ளை இல்லாதவள் போலப் போவாள்." நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "ஆயுள் முழுக்க மார்க்கெட்டில் புகைபோட்ட மீன் விற்றாள் அக்கா. யாரும் அவள் பெயரை மைக்கில் சொன்னதில்லை. இன்று நான் வாசிக்க வேண்டும். நீங்கள் பெயரைச் சொல்லுங்கள். பெர்னதெத்."

எங்கள் சர்ச்சில் பீடப்பூ மாற்றுகிற பெண்ணுக்கும் அதே பெயர்தான். தெரிந்த பெயராக இருந்ததாலோ என்னவோ, அதுவரை வராத அழுகை அப்போது எனக்கு வந்தது. நீலசந்திராவில் வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. எங்கள் ஏரியாவிலும் சாவுக்குத் தமட்டை அடிக்காமல் யாரையும் அனுப்பியதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, நாணு அண்ணனைக் கூட்டிக்கொண்டு கோயில் பந்தலுக்கு ஓடினேன்.

திருவிழா கமிட்டித் தலைவர் கோவிந்தன் அண்ணன் கூழ்ப் பானைகளுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பாவம்மா அந்தப் பையன். ஆனா காப்பு கட்டியிருக்கோம். பெத்தவளை வாரிக் குடுத்தவன் அம்மன் மேடை ஏறக்கூடாது."

"அவன் கிறிஸ்டியன் கோவிந்தண்ணா, வேற தேசம்" என்றார் நாணு அண்ணன். "அவனுக்கு எங்கருந்து தீட்டு வரும்? நம்மளத் தவிர யாருக்கும் தெரியாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

வேப்பிலையை நாரில் தொடுத்துக்கொண்டிருந்த சின்னத்தாயிக்கா தலையைத் தூக்காமல் சொன்னாள்: "தீட்டு இல்லன்னு சொல்லாத நாணு. இல்லன்னா அவங்கம்மா சாவு சாவே இல்லன்னு ஆயிடும். பெத்தவ போயிட்டா. நம்ம வூட்டுப் புள்ளைக்கு இன்னா தீட்டு உண்டோ, அது அவனுக்கும் உண்டு. மேடை ஏறக்கூடாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாவி கொடுத்த கையே கதவைச் சாத்துகிறதே என்று நினைத்தேன். வீட்டுக்குத் திரும்பி ட்ரெசோரிடம் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். தீட்டு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னாலும் அசிங்கமாகத்தான் வந்தது. "நான் அழுக்கா?" என்று கேட்டான். பப் வாசலிலும் வாடகை வீட்டு வாசலிலும் அவன் பார்த்த முகங்கள் எல்லாம் அந்தக் கேள்வியில் இருந்தன. வேறு வழியில்லாமல் அக்கா சொன்னதை வார்த்தைக்கு வார்த்தை அப்படியே சொன்னேன். நம்ம வூட்டுப் புள்ளைக்கு இன்னா உண்டோ, அது அவனுக்கும் உண்டு.

"ஓனரம்மா அப்படியா சொன்னாள்?" என்றான். பிறகு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதான். விடிந்ததிலிருந்து அப்போதுதான் அழுகிறான் என்பது எனக்கு உறைத்தது. அழுது முடித்து, பனியனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான். "நான் வரக்கூடாத அம்மன் எல்லை எந்த இடத்தில் முடிகிறது?"

எல்லை, டிரான்ஸ்ஃபார்மர் கம்பத்துக்கும் தையல் கடைக்கும் நடுவே கட்டிய வேப்பிலைத் தோரணத்தோடு முடிகிறது. அதைத் தாண்டினால் சாக்கடை மூடிய கல், அதற்கு அந்தப் பக்கம் திருவிழாவுக்காக ஷட்டர் இறக்கிய மட்டன் கடை. நாணு அண்ணன் மைக் கேபிள்களை ஒன்றோடொன்று கோத்து, சீரியல் லைட் கட்டிய மூங்கில்களின் மேலே ஏற்றி, மேடையிலிருந்து மட்டன் கடை வாசல்வரை இழுத்துவிட்டார். கோவிந்தன் அண்ணன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வெளிய குந்தி வாசிச்சா நான் இன்னா சொல்லப் போறேன்? வாசிக்கட்டும்" என்றார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆனா மோனிகா, செத்தவங்க பேரை அம்மன் மைக்ல சொல்லக்கூடாது. சாவுன்ற பேச்சே வரக்கூடாது. பச்சக் கொழந்தைங்கள மடியில வெச்சினு குந்தியிருப்பாங்க ஜனங்க. புரியுதா?" புரிந்தது. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்ததுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. ட்ரெசோரிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே, "பெயர்?" என்று அவன் இன்னொரு முறை கேட்டபோதும் தலையைத்தான் ஆட்டினேன்.

இருட்டு கட்டியதும் ஆரம்பித்தோம். பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லி போலீஸ்காரர் ஒருவர் முன்வரிசையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கிட்டார் வாசிக்கிறவன் மட்டும் ஏன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான் என்று கேட்டவர்களிடம் நாணு அண்ணன் "நியூ சவுண்ட் எஃபெக்ட்" என்று கூசாமல் சொன்னார். கணபதி பாட்டு, கன்னடப் பாட்டு, அம்மன் பாட்டு என்று போனது. ட்ரெசோர் வெள்ளைச் சட்டையில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில், ஷட்டரை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவன் விரல் அங்கே அசைய, ஓசை என் காலடியில் இருந்த ஸ்பீக்கரிலிருந்து வந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் சீட்டுகள் வரத் தொடங்கின. எங்கள் மேடையில் அது எப்போதும் உள்ள வழக்கம். ஒரு தாளில் பாட்டையும் பெயரையும் எழுதிக் கொடுப்பார்கள். கோவிந்தன் அண்ணன் வாங்கிப் படித்து, வம்பான சீட்டுகளைக் கிழித்துவிட்டு மற்றதை மேடைக்குத் தருவார். இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர் இன்னார் என்று நான் வாசிப்பேன். பெயர்க்காரர் கூட்டத்தில் எழுந்து கையைத் தூக்குவார், அவர் செட்டு விசிலடிக்கும். அன்றும் அப்படியே வாசித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவது கிராஸ் சாய்கிருஷ்ணா, கேஸ் ஏஜென்சி ஹரிஷ்குமார். யார் யாரோ எழுந்தார்கள், கையைத் தூக்கினார்கள், உட்கார்ந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்கள் பெயர்தான் இந்த மைக்கில் வரும், அவ்வளவுதானே என்று தோன்றியபோது அடுத்த சீட்டு என் கையில் இருந்தது. அதைப் படிக்காமல் மடித்தேன். மைக்கைக் கிட்டே இழுத்தேன்.

"அடுத்து வரவிருப்பது அம்மாவைப் பற்றிய ஒரு பாடல். இந்தப் பாடலை விரும்பிக் கேட்டவர், ஆப்பிரிக்கா கண்டம், காங்கோ நாடு, கின்ஷாசாவிலிருந்து, நம் அன்புத் தம்பி ட்ரெசோரின் தாயார், பெர்னதெத் அம்மா!"

கூட்டம் ஒரு நொடி திகைத்துவிட்டு ஓவென்று கத்தியது. எங்கள் ஆர்கெஸ்ட்ராவுக்கு ஓசூரிலிருந்து சீட்டு வந்ததே பெரிய விஷயம். கண்டம் தாண்டி வந்தது அதுதான் முதல் தடவை. மேடையோரம் கோவிந்தன் அண்ணன் என்னை முறைத்தார். அவருக்குப் பின்னால், கோயில் படியில் நின்றிருந்த சின்னத்தாயிக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பாடினேன். என் தொண்டை நல்ல தொண்டை என்று நான் என்றைக்கும் பெருமைப்பட்டதில்லை. அன்றைக்கு அது எனக்குக் கட்டுப்பட்டு நின்றது. கடைசிப் பல்லவியை முடித்து நான் ஒதுங்கியதும் கிட்டார் கிளம்பியது. நாணு அண்ணன் கத்தவில்லை. கீபோர்டில் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, அவனைப் போக விட்டார். முதலில் பிள்ளைகள் எழுந்தார்கள், பிறகு ஆம்பளைகள், கடைசியில் கூழ்ச் சொம்பை வைத்துவிட்டுப் பொம்பளைகள். ஆட்டம் என்றால் அப்படி ஒரு ஆட்டம். அது யாருக்கான ஆட்டம் என்று தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் ஐந்து பேர்தான்.

ஓசை அடங்கியபோது பத்துக்குக் கொஞ்சம் முன்னால். இன்னும் ஒரே பாட்டுக்கு இடம் இருந்தது. கோவிந்தன் அண்ணன் கையில் ஒரு சீட்டோடு மேடைக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சீட்டை நீட்டினார்.

"பசங்க குடுத்தானுங்க. தெரியாம எழுதிட்டானுங்க. கிழிக்கலாம்னுதான் பாத்தேன், மனசு வரல. படிம்மா."

பிரித்தேன். கோணல் கையெழுத்து. வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் எதை வாசிக்கிறேன் என்பது புரிந்தது. நடுவில் நிறுத்த முடியாது.

"கின்ஷாசா பெர்னதெத் அம்மா நூறு வயசுக்கு நோய் நொடி இல்லாம இருக்கணும். அடுத்த வருஷம் எங்க ஆடித் திருவிழாவுக்கு நேர்ல வரணும். இப்படிக்கு, பத்தாவது கிராஸ் பசங்க."

விசில் காதைக் கிழித்தது. மூன்று வருடமாகத் தக்காளியும் முட்டையும் பேரம் பேசி வாங்கிய ட்ரெசோருக்குத் தமிழில் நூறு என்றால் என்னவென்று தெரியும். அம்மாவும் தெரியும். வரணும் என்பதும் தெரியும். தோரணத்துக்கு அப்பால் ட்ரெசோர் கிட்டாரை நாற்காலிமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றான். பெயர் வாசிக்கப்பட்டவர்கள் செய்கிற மாதிரியே, கூட்டத்தைப் பார்த்து வலது கையை உயரத் தூக்கினான். ஜனங்கள் அவன் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். தட்டி ஓய்ந்தார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளை ஓங்கிக்கொண்டு என் கண்ணசைவுக்குக் காத்திருந்தார். போலீஸ்காரர் வாட்சைப் பார்த்தார். நான் அந்தக் கை இறங்கட்டும் என்று மைக்கைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன்.